ஸ்லைடர் வரவில்லை, எச்சரிக்கை மட்டும் வருகிறது: நோட்புக்கில் விடுபட்ட எக்ஸ்டென்ஷனைத் தேடிப் பிடிப்பது

மதுரை மாட்டுத்தாவணிப் பூ மார்க்கெட்டில் ஒரு கமிஷன் கடை. கடைக்காரரின் மகன் கல்லூரியில் இரண்டாம் வருடம். அப்பாவின் கணக்கு நோட்டில் இருந்த மல்லி விலையை மூன்று வருடத்துக்கு நாள்வாரியாக டைப் செய்து, பைத்தான் நோட்புக்கில் ஏற்றி, மேலே ஒரு ஸ்லைடர் வைக்கப் பார்த்திருக்கிறான். மாதத்தை இழுத்தால் அந்த மாத விலை கீழே கோடாக வர வேண்டும். ஸ்லைடர் வரவில்லை. அது இருக்க வேண்டிய இடத்தில் ‘இன்ட்ஸ்லைடர்’ என்று தொடங்கி, அடைப்புக்குறிக்குள் எண்களோடு ஒரு வரி எழுத்து மட்டும் நின்றது.

“அண்ணே, ஏழு தடவ இன்ஸ்டால் பண்ணிட்டேன். ஏற்கெனவே இருக்குன்னுதான் சொல்லுது.”

“எங்க இருக்குன்னு சொல்லுது?”

“கம்ப்யூட்டர்லதாண்ணே.”

கோளாறு முழுக்க இந்தப் பதிலுக்குள்தான் இருக்கிறது. கோயம்புத்தூர் போக வேண்டியவர் மாட்டுத்தாவணியில் நின்றுகொண்டு “பஸ் ஸ்டாண்ட்லதான் நிக்கிறேன், பஸ்ஸைக் காணோம்” என்று போன் செய்தால் என்ன சொல்வோம்? அவர் சொல்வது பொய் இல்லை. பஸ் ஆரப்பாளையத்தில் நிற்கிறது, அவ்வளவுதான். ஒரே கம்ப்யூட்டரில் இரண்டு மூன்று பைத்தான் இருக்கும். ஒன்றில் பொட்டலத்தை (பேக்கேஜை) இறக்கிவிட்டு இன்னொன்றில் தேடிக்கொண்டிருப்போம்.

இந்த மாதிரி போன்கள் எனக்கு அடிக்கடி வரும். கட்டளைகளை வாய்விட்டுச் சொல்லியே பழகிவிட்டதால் இங்கேயும் சொல்கிற மாதிரியே தமிழில் எழுதியிருக்கிறேன். டைப் செய்யும்போது எல்லாம் ஆங்கிலச் சின்ன எழுத்து. இந்த நோட்புக் மென்பொருளின் பெயரான ஜுபிட்டர் என்ற சொல்லில் மட்டும் கவனம் வேண்டும்: கிரகத்தின் எழுத்துக்கூட்டு இல்லை, நடுவில் ‘பி’க்கு அடுத்து ‘ஒய்’ வரும். ஜூலியா, பைத்தான், ஆர் என்ற மூன்று மொழிப் பெயர்களிலிருந்து எடுத்துச் சேர்த்து 2014இல் வந்த பெயர் அது. ‘அப்படி ஒரு கட்டளையே இல்லை’ என்று திரை சொன்னால் முதலில் அந்த ‘ஒய்’யைப் பாருங்கள்.

எதையும் இன்ஸ்டால் செய்யும் முன்

ஒரு நோட்புக் ஓடுவதற்கு மூன்று பேர் வேலை செய்கிறார்கள். நீங்கள் செல்லில் எழுதிய கோடை ஓட்டுவது கர்னல். நோட்புக் ஃபைலைத் திறந்து பக்கமாகக் கொடுப்பது சர்வர். அந்தப் பக்கத்தைக் கண்ணுக்குக் காட்டுவது பிரவுசர். கர்னல் ஒரு பைத்தான், சர்வர் ஒரு பைத்தான். இரண்டும் ஒன்றாகவே இருக்கலாம், பலரிடம் அப்படித்தான் இருக்கும். வேறு வேறாக இருந்தால்தான் தலைவலி.

ஸ்லைடரை எடுத்துக்கொள்வோம். கர்னலில் ஐபிவிட்ஜெட்ஸ் என்ற பொட்டலம் ‘இங்கே ஒரு ஸ்லைடர் இருக்கிறது, இப்போது 3இல் நிற்கிறது’ என்று சொல்லும். அதைத் திரையில் வரைய ஜாவாஸ்கிரிப்ட் வேண்டும். அது சர்வர் பக்கத்தில் ஜுபிட்டர்லேப்-விட்ஜெட்ஸ் என்ற பொட்டலத்தில் இருக்கிறது. அங்கிருந்து பிரவுசருக்குப் போகும். இப்படி ஒட்டிக்கொள்ளும் துணைப் பொட்டலத்தைத்தான் எக்ஸ்டென்ஷன் என்கிறோம்.

இதைப் புரிந்துகொண்டால் திரையைப் பார்த்த மாத்திரத்தில் பாதி தெரிந்துவிடும். ‘மாட்யூல் இல்லை’ என்று பைத்தானே சத்தம் போட்டால் கர்னல் பக்கம் பாருங்கள். சத்தமே இல்லாமல் ஸ்லைடருக்குப் பதில் எழுத்து வந்தால் சர்வர் பக்கம். ‘லோடிங்’ என்று நின்றுகொண்டே இருந்தால் பிரவுசர், அல்லது கர்னல் செத்துப்போயிருக்கிறது.

இப்போது கேட்க வேண்டிய கேள்விகள். நோட்புக்கில் ஒரு புதுச் செல் திறந்து:

இம்போர்ட் சிஸ்
சிஸ்.எக்ஸிக்யூட்டபிள்

வருகிற பாதைதான் உங்கள் கர்னலின் முகவரி. அதைத் தாளில் எழுதிக்கொள்ளுங்கள், நினைவில் வைக்கப் பார்க்காதீர்கள்.

சர்வரின் முகவரிக்குக் கறுப்பு ஜன்னலைப் பாருங்கள். நோட்புக்கைப் பிரவுசரில் திறக்கும் ஜுபிட்டர்லேப் தொடங்கும்போது டெர்மினலில் ஓடுகிற வரிகளை யாரும் படிப்பதில்லை. அதில் ‘ஜுபிட்டர்லேப் எக்ஸ்டென்ஷன் லோடட் ஃப்ரம்’ என்று ஒரு வரி இருக்கும். அதற்கு அடுத்து வரும் பாதை சர்வர் இருக்கும் இடம். இரண்டு பாதையும் ஒரே ஃபோல்டருக்குள் போகிறதா, வேறா? இதைப் பார்க்காமல், பொட்டலங்களை இறக்கும் பிப்பைத் தொடாதீர்கள்.

அப்புறம் சர்வர் தொடங்கிய அதே இடத்தின் டெர்மினலில்:

ஜுபிட்டர் --வெர்ஷன்
ஜுபிட்டர் லேப்எக்ஸ்டென்ஷன் லிஸ்ட்

முதலாவது, எந்தப் பொட்டலம் எந்தப் பதிப்பில் இருக்கிறது என்று வரிசையாகக் காட்டும். இல்லாததற்கு நேரே ‘நாட் இன்ஸ்டால்டு’ என்று போடும். இரண்டாவது, சர்வர் பக்கம் எந்த எக்ஸ்டென்ஷன் இருக்கிறது, எது ஓகே, எதற்குச் சிவப்புப் பெருக்கல் குறி என்று சொல்லும்.

விண்டோஸில் எத்தனை பைத்தான் குடியிருக்கின்றன என்றே தெரியவில்லை என்றால் ‘பி-ஒய்’ என்று அடித்து, இடைவெளி விட்டு, ஹைஃபன், பூஜ்யம், ‘பி’ மூன்றையும் சேர்த்து அடியுங்கள். பைத்தான் லாஞ்சர் தனக்குத் தெரிந்த எல்லாவற்றையும் பாதையோடு காட்டும். பூக்கடைத் தம்பியின் மடிக்கணினியில் மூன்று இருந்தன. “ஒண்ணுதாண்ணே போட்டேன்” என்று சத்தியம் செய்தான்.

அறிகுறி: இளஞ்சிவப்புப் பட்டையில் ‘ஐப்ரோக்ரஸ் நாட் ஃபவுண்ட்’

டிக்யூடிஎம் என்ற பொட்டலத்தைப் பயன்படுத்துகிறவர்களுக்கு வருவது. வேலை எத்தனை சதவீதம் முடிந்தது என்று பட்டையாகக் காட்டும் பொட்டலம் அது. முன்னேற்றம் என்று பொருள்படும் ‘தகத்தும்’ என்ற அரபுச் சொல்லிலிருந்து அந்தப் பெயர் வந்தது. நேரடியாக நீங்கள் அதைக் கூப்பிட்டிருக்கவே வேண்டாம். மாடல் பயிற்சிக்கு வேறு எதையோ இம்போர்ட் செய்திருப்பீர்கள், அது உள்ளே இதைக் கூப்பிட்டிருக்கும்.

எச்சரிக்கையாக மட்டும் வந்தால் பயப்பட ஒன்றுமில்லை. அழகான பட்டைக்குப் பதில் எழுத்துப் பட்டை வரும், கணக்கு சரியாகவே ஓடும். ‘டிக்யூடிஎம்.நோட்புக்’ என்று நேரடியாக இம்போர்ட் செய்தவர்களுக்குத்தான் பட்டையைத் தொடங்கும் வரியிலேயே பிழையாக நிற்கும், அவர்கள் ‘டிக்யூடிஎம்.ஆட்டோ’ என்று மாற்றினாலே தற்காலிகமாக ஓடிவிடும்.

சரியாகத் தீர்க்க வேண்டும் என்றால், இது கர்னல் பக்கத்துக் குறை. செல்லுக்குள்ளேயே:

%பிப் இன்ஸ்டால் ஐபிவிட்ஜெட்ஸ்

முன்னால் இருக்கிற சதவீதக் குறி முக்கியம். பழைய பாடங்களில் அந்த இடத்தில் ஆச்சரியக்குறி இருக்கும். ஆச்சரியக்குறி போட்டால் கட்டளை வெளியே ஷெல்லுக்குப் போகிறது. ஷெல் தனக்கு முதலில் தட்டுப்படும் பிப்பை எடுத்து ஓட்டும், அது வேறு பைத்தானின் பிப்பாக இருக்கலாம். சதவீதக் குறி போட்டால் இந்தக் கர்னல் எந்தப் பைத்தானோ அதிலேயே இறங்கும். முடிந்ததும் கர்னலை ரீஸ்டார்ட் செய்யுங்கள். ரீஸ்டார்ட் செய்யாமல் “இன்னும் அப்படியே வருது” என்கிறவர்கள் நிறையப் பேர்.

அறிகுறி: ஸ்லைடருக்குப் பதில் ஒரு வரி எழுத்து

தம்பியின் கதை இதுதான். ‘இன்ட்ஸ்லைடர்’, ‘ஹெச்பாக்ஸ்’, ‘சில்ட்ரன்’ என்று அடைப்புக்குறிகளோடு எழுத்து வருகிறது என்றால் கர்னலில் ஐபிவிட்ஜெட்ஸ் இருக்கிறது என்று அர்த்தம். இல்லாவிட்டால் அந்த எழுத்துகூட வந்திருக்காது. அதனால் மறுபடி மறுபடி அதையே இன்ஸ்டால் செய்வது வீண். ‘ஏற்கெனவே இருக்கிறது’ என்று பிப் சொன்னது உண்மைதான். கர்னல் இருக்கும் வீட்டில் அது இருந்தது.

சிஸ்.எக்ஸிக்யூட்டபிளைப் பார்க்கச் சொன்னேன். ‘மல்லி’ என்று அவன் ஆங்கிலத்தில் பெயர் வைத்த ஃபோல்டருக்குள் ஒரு விர்ச்சுவல் என்விரான்மென்ட், அதாவது தனக்கென்று பொட்டலங்கள் வைத்துக்கொள்ளும் தனிப் பைத்தான். ஏதோ ஒரு வீடியோவைப் பார்த்து உருவாக்கி, கர்னலாகப் பதிவும் செய்திருக்கிறான். நல்ல பழக்கம். கறுப்பு ஜன்னலைப் பார்த்தால் ஜுபிட்டர்லேப் வந்த இடமோ முதல் வருடத்தில் கல்லூரி லேபுக்காகப் போட்ட பழைய பைத்தான். டெஸ்க்டாப்பில் அதற்கு ஒரு ஷார்ட்கட் இருக்கிறது, இரண்டு வருடமாக அதையே அழுத்தித் திறக்கிறான்.

பிப்பில் ஐபிவிட்ஜெட்ஸைப் போட்டால் அது ஜுபிட்டர்லேப்-விட்ஜெட்ஸையும் கூடவே இழுத்து வரும், ஆனால் அதே வீட்டுக்குள்தான் இறக்கும். சர்வர் குடியிருக்கும் வீட்டுக்கு யாரும் கொண்டுபோய்க் கொடுக்க மாட்டார்கள், நாம்தான் கொடுக்க வேண்டும். சர்வரின் பைத்தானை முழுப் பாதையோடு அழைத்து:

(சர்வர் பைத்தானின் பாதை) -எம் பிப் இன்ஸ்டால் ஜுபிட்டர்லேப்-விட்ஜெட்ஸ்

‘பிப்’ என்று நேரடியாகத் தொடங்காமல் பைத்தானைச் சொல்லி, ‘-எம்’ போட்டு, பிறகு பிப்பைச் சொல்வதை ஒரு பழக்கமாகவே வைத்துக்கொள்ளுங்கள். எந்த வீட்டுக்குச் சாமான் போகிறது என்பதில் சந்தேகமே வராது.

பதிப்பும் பொருந்த வேண்டும். கர்னலில் ஐபிவிட்ஜெட்ஸ் 8 என்றால் சர்வரில் ஜுபிட்டர்லேப்-விட்ஜெட்ஸ் 3 வேண்டும். ஐபிவிட்ஜெட்ஸ் 7 என்றால் ஜுபிட்டர்லேப்-விட்ஜெட்ஸ் 1. எண்கள் ஒன்றுபோல இல்லாததால் “3 பழசு, 8ஐப் போடுவோம்” என்று தேடுகிறவர்கள் உண்டு. அப்படி ஒரு 8 கிடையாது. இரண்டு பக்கமும் பொருந்தாவிட்டால் ஸ்லைடர் வரைய முடியாமல் பிழைச் செய்தியோடு நிற்கும்.

பிறகு கறுப்பு ஜன்னலையே மூடிவிட்டு ஜுபிட்டர்லேப்பைப் புதிதாகத் தொடங்குங்கள். கர்னல் ரீஸ்டார்ட் இங்கே போதாது, மாறியது சர்வர். பக்கம் திறந்ததும் கன்ட்ரோல், ஷிப்ட், ஆர் மூன்றையும் சேர்த்து ஒருமுறை அழுத்துங்கள். பிரவுசர் பழைய ஜாவாஸ்கிரிப்டைப் பிடித்து வைத்திருந்தால் விட்டுவிடும்.

உபுண்டு வைத்திருப்பவர்களுக்கு இந்த இடத்தில் இன்னொரு தடை வரும். 23.04 முதல், சிஸ்டம் பைத்தானில் பிப் போட்டால் ‘எக்ஸ்டர்னலி மேனேஜ்டு என்விரான்மென்ட்’ என்று நிறுத்திவிடும். அதைத் தாண்ட ஒரு ஃப்ளாக் இருக்கிறது, ‘பிரேக் சிஸ்டம் பேக்கேஜஸ்’ என்று. பெயரிலேயே என்ன நடக்கும் என்று எழுதி வைத்திருக்கிறார்கள், அதற்குமேல் நான் என்ன சொல்ல. ஒரு வென்வ் (விர்ச்சுவல் என்விரான்மென்ட்) உருவாக்கி, ஜுபிட்டர்லேப், ஐபிவிட்ஜெட்ஸ் எல்லாவற்றையும் அதற்குள்ளேயே போட்டுவிடுங்கள். கர்னலும் சர்வரும் ஒரே கூரைக்கு வந்துவிட்டால் இந்த அறிகுறியே திரும்ப வராது.

அறிகுறி: ‘மாடல் நாட் ஃபவுண்ட்’, அல்லது ‘லோடிங் விட்ஜெட்’ என்று நின்றுபோவது

நேற்று வேலை செய்தது, இன்று காலை நோட்புக்கைத் திறந்தால் ஸ்லைடர் இருந்த இடத்தில் இப்படி வருகிறது. எக்ஸ்டென்ஷன் எங்கும் போகவில்லை. ஸ்லைடரின் உயிர் கர்னலில் இருந்தது. கர்னலை மூடியபோது அதுவும் போய்விட்டது. ஃபைலில் சேமித்தது வெறும் கூடு. எல்லாச் செல்லையும் மேலிருந்து ஒருமுறை ஓட்டுங்கள், வந்துவிடும்.

அறிகுறி: ‘ஜுபிட்டர் என்பிஎக்ஸ்டென்ஷன்’ என்ற கட்டளையே இல்லை என்கிறது

இது கொஞ்சம் பேச வேண்டிய விஷயம். இதில் பிழை உங்களுடையது இல்லை, உங்கள் கையில் இருக்கும் பாடத்துடையது.

2023 ஜூலையில் நோட்புக் 7 வந்தது. பெயர் பழையது, உள்ளே இருப்பது முழுக்க ஜுபிட்டர்லேப்பின் பாகங்கள். பழைய நோட்புக்குக்காக எழுதிய எக்ஸ்டென்ஷன்களை என்பிஎக்ஸ்டென்ஷன் என்பார்கள். அவற்றைப் பதிவு செய்யும் கட்டளையும் அந்தப் பெயரில்தான் இருந்தது. நோட்புக் 7 அந்த வழியையே மூடிவிட்டது. ஆனால் இணையத்தில் தேடினால் முதலில் கிடைப்பது இன்னும் 2018, 2019இல் எழுதிய குறிப்புகள்தான். ‘ஜுபிட்டர் என்பிஎக்ஸ்டென்ஷன் எனேபிள்’ என்று ஒரு வரியைக் காப்பி செய்யச் சொல்லும். ஒரு கல்லூரியின் லேப் மேனுவலில் இன்றைக்கும் அந்த வரி அச்சில் இருக்கிறது. ஒவ்வொரு வருடமும் புது மாணவர்கள் அதை அடித்து, பிழை வந்து, தங்கள் மேல்தான் தப்பு என்று நினைத்துக்கொள்கிறார்கள். ரெக்கார்டு நோட்டில் அந்த வரியை எழுதினால்தான் மார்க் என்பது இன்னொரு கூத்து.

ஸ்லைடருக்காக அந்த வரியை அடித்தீர்கள் என்றால் விட்டுவிடுங்கள். நோட்புக் 7இலும் ஜுபிட்டர்லேப் 3, 4இலும் அது தேவையே இல்லை. மேலே சொன்ன பொட்டலம் போதும்.

‘கான்ட்ரிப் என்பிஎக்ஸ்டென்ஷன்ஸ்’ என்ற பெரிய தொகுப்பைப் போட்டவர்களுக்கு வேறு செய்தி வரும்: ‘நோட்புக்.பேஸ் என்ற மாட்யூல் இல்லை’. அந்தத் தொகுப்பு பழைய நோட்புக்கின் உள் அறை ஒன்றைத் தேடிப் போகிறது, புது வீட்டில் அந்த அறையே இல்லை. எதற்காக அதைப் போட்டீர்கள் என்று யோசியுங்கள். பொருளடக்கத்துக்கு என்றால் அது இப்போது கூடவே வருகிறது, இடப்பக்கப் பட்டையில் பாருங்கள். தலைப்புகளைச் சுருக்குவதும் அப்படித்தான். ஏதோ ஒரு பழைய எக்ஸ்டென்ஷன் இல்லாமல் முடியவே முடியாது என்றால் தனியாக ஒரு வென்வ் போட்டு அதில் பழைய நோட்புக்கை வையுங்கள்:

பைத்தான் -எம் பிப் இன்ஸ்டால் "நோட்புக்<7"

மேற்கோள் குறிகளை விடாதீர்கள். விட்டால் அந்தச் சின்ன அம்புக்குறியை ‘7 என்ற ஃபைலிலிருந்து படி’ என்று டெர்மினல் எடுத்துக்கொண்டு, அப்படி ஒரு ஃபைல் இல்லை என்று வேறொரு பிழையைத் தரும்.

அறிகுறி: தொடங்கும்போதே ‘நோட்புக் ஷிம்’ என்று மஞ்சள் வரிகள்

‘எக்ஸ்டென்ஷன் நோட்புக்_ஷிம் மூலம் கண்டுபிடிக்கப்பட்டது, ஜுபிட்டர் சர்வரின் பாதைக்கு மாற்றுவது பற்றி யோசியுங்கள்’ என்ற பொருளில் வரும். யோசிக்க வேண்டியது அந்த எக்ஸ்டென்ஷனை எழுதியவர், நீங்கள் இல்லை. கடந்து போய்விடுங்கள்.

அறிகுறி: பட்டியலில் சிவப்புப் பெருக்கல் குறி, அல்லது நோட்.ஜேஎஸ் கேட்கிறது

லேப்எக்ஸ்டென்ஷன் லிஸ்ட்டில் ஒன்றுக்கு நேரே சிவப்பு இருந்தால், அது இப்போதுள்ள ஜுபிட்டர்லேப்புக்குப் பொருந்தாத பழைய பதிப்பு. பெரும்பாலும் லேப் 3இலிருந்து 4க்கு மாறியவர்களிடம் பார்க்கலாம். அந்தப் பொட்டலத்தை மட்டும் பிப் வழியாக அப்கிரேட் செய்து பாருங்கள். புதுப் பதிப்பே வரவில்லை என்றால் அதைக் கழற்றிவிடுவது நல்லது. மற்றவை நிம்மதியாக ஓடும்.

நோட்.ஜேஎஸ் வேண்டும் என்று கேட்டால் நீங்கள் ‘ஜுபிட்டர் லேப்எக்ஸ்டென்ஷன் இன்ஸ்டால்’ என்று அடித்திருப்பீர்கள். அது பழைய வழி: எக்ஸ்டென்ஷனின் மூலத்தை இறக்கி, உங்கள் கம்ப்யூட்டரிலேயே கட்டி எழுப்புவது. ஜுபிட்டர்லேப் 3 வந்ததிலிருந்து எக்ஸ்டென்ஷன்கள் கட்டி முடித்த நிலையிலேயே பிப்பில் கிடைக்கின்றன. தோசைக்கு மாவு கடையில் கிடைக்கிறபோது உரலைத் தேட வேண்டியதில்லை. பழைய வழியில் பாதி கட்டியது மிச்சமிருந்து ‘பில்டு செய்யவா’ என்று ஒவ்வொரு முறையும் கேட்டுத் தொந்தரவு செய்தால் ‘ஜுபிட்டர் லேப் கிளீன்’ என்று ஒருமுறை அடியுங்கள்.

அறிகுறி: ‘லைன் மேஜிக் ஃபங்ஷன் நாட் ஃபவுண்ட்’

இங்கே எக்ஸ்டென்ஷன் என்ற சொல் வேறு பொருளில் வருகிறது, குழப்பிக்கொள்ளாதீர்கள். இது ஐபைத்தான் எக்ஸ்டென்ஷன், முழுக்கக் கர்னல் சமாச்சாரம். பிரவுசருக்கும் சர்வருக்கும் இதில் வேலையே இல்லை.

சதவீதக் குறியோடு தொடங்கும் கட்டளைகளை மேஜிக் என்பார்கள். உதாரணத்துக்கு %எஸ்க்யூஎல் என்று அடித்தால் அப்படி ஒரு மேஜிக் இல்லை என்கிறது. இன்ஸ்டால் செய்தால் மட்டும் போதாது, ஒவ்வொரு முறை கர்னல் எழுந்ததும் ஏற்றவும் வேண்டும்:

%லோட்_எக்ஸ்ட் எஸ்க்யூஎல்

பொட்டலத்தின் பெயரும் ஏற்றும் பெயரும் வேறு வேறு என்பதில்தான் பலர் வழுக்குகிறார்கள். பிப்பில் போடுவது ‘ஐபைத்தான்-எஸ்க்யூஎல்’, ஏற்றுவது வெறும் ‘எஸ்க்யூஎல்’. ‘இது ஐபைத்தான் எக்ஸ்டென்ஷன் இல்லை’ என்று வந்தால், அந்தப் பெயரில் ஒரு மாட்யூல் கிடைத்திருக்கிறது, ஆனால் எக்ஸ்டென்ஷனாக ஏற்றுவதற்கான வாசல் அதில் இல்லை. சில சமயம் உங்கள் ஃபோல்டரிலேயே அதே பெயரில் நீங்கள் ஒரு பைத்தான் ஃபைல் வைத்திருப்பீர்கள், அது முந்திக்கொண்டு வந்து நிற்கும். பெயரை மாற்றுங்கள்.

‘ஆட்டோரீலோட் ஏற்கெனவே ஏற்றப்பட்டிருக்கிறது’ என்பது பிழையே இல்லை. அந்தச் செல்லை இரண்டாம் தடவை ஓட்டியிருக்கிறீர்கள்.

அறிகுறி: ‘ஜாவாஸ்கிரிப்ட் எர்ரர்: ஐபைத்தான் இஸ் நாட் டிஃபைன்டு’

செல்லின் தலையில் ‘%மேட்பிளாட்லிப் நோட்புக்’ என்று இருக்கும். மேட்பிளாட்லிப் என்பது வரைபடம் வரையும் பொட்டலம். அதுவும் பழைய நோட்புக்கின் வழி. ஐபிஎம்பிஎல் என்ற பொட்டலத்தைப் போட்டு அந்த வரியை ‘%மேட்பிளாட்லிப் விட்ஜெட்’ என்று மாற்றுங்கள். கர்னலும் சர்வரும் வேறு வேறு வீட்டில் இருந்தால் இதையும் இரண்டு வீட்டிலும் போட வேண்டும், ஸ்லைடர் கதையேதான்.

அறிகுறி: விஎஸ் கோடில் மட்டும் வரவில்லை

விஎஸ் கோடு என்ற எடிட்டரில் நோட்புக்கைத் திறந்தால் திரை அதனுடையது. லேப்எக்ஸ்டென்ஷன் பட்டியலை எவ்வளவு சுத்தமாக வைத்திருந்தாலும் அங்கே அது எண்ணப்படாது. விட்ஜெட்டுக்கு (ஸ்லைடர் மாதிரித் திரையில் இயக்கும் பொருளுக்கு) வேண்டிய ஸ்கிரிப்டை அது இணையத்திலிருந்து எடுக்க வேண்டியிருக்கலாம். அப்போது அனுமதி கேட்டு ஒரு சின்னப் பெட்டி காட்டும். அவசரத்தில் அதை மூடிவிட்டிருந்தால் செட்டிங்ஸில் ‘விட்ஜெட் ஸ்கிரிப்ட் சோர்சஸ்’ என்று தேடித் திரும்ப அனுமதியுங்கள். நெட் வெட்டியிருக்கும் லேபில் இது நடக்காமல் போகலாம், அங்கே பிரவுசரில் ஜுபிட்டர்லேப்பைத் திறப்பதுதான் சுலபம்.

கூகுள் கோலாபில் சாதாரண ஸ்லைடர் அப்படியே வரும். வெளியார் எழுதிய விட்ஜெட்டுக்கு மட்டும் ‘அவுட்புட்.எனேபிள்_கஸ்டம்_விட்ஜெட்_மேனேஜர்’ என்பதைக் கூப்பிட வேண்டும். பிழைச் செய்தியே அந்த வரியைக் கொடுத்துவிடும், காப்பி செய்து ஓட்டினால் போதும்.

அறிகுறி: ‘கிளிஃப் 2990 மிஸ்ஸிங்’

தம்பிக்கு ஸ்லைடர் வந்துவிட்டது. இழுத்துப் பார்த்தான். மார்கழிக்குப் போனதும் கோடு நெட்டுக்குத்தாக ஏறியது. பனிக் காலத்தில் வரத்து குறைந்து விலை ஏறுவது அவன் அப்பாவுக்குத் தெரியாததா என்ன. அரை மணி நேரத்தில் மறுபடி போன்.

“அண்ணே, இன்னொரு எக்ஸ்டென்ஷன் மிஸ்ஸிங்குண்ணே.”

படத்தின் தலைப்பில் ‘மல்லி விலை’ என்று தமிழில் எழுதியிருக்கிறான். எழுத்து இருக்க வேண்டிய இடத்தில் கட்டம் கட்டமாக வருகிறது. மேலே எச்சரிக்கை: கிளிஃப் (எழுத்து வடிவம்) 2990 மிஸ்ஸிங். 2990 என்பது யூனிகோடில் ‘ம’வின் எண். அடுத்தடுத்த எழுத்துகளுக்கும் ஒவ்வொரு வரி. மேட்பிளாட்லிப் தானாக எடுக்கும் டெஜாவூ சான்ஸ் எழுத்துருவில் தமிழ் இல்லை. இதில் விடுபட்டது எழுத்துருதான், எக்ஸ்டென்ஷன்களை நோண்ட வேண்டாம். விண்டோஸில் நிர்மலா யூஐ இருக்கிறது, லினக்ஸில் நோட்டோ சான்ஸ் தமிழ் போட்டுக்கொள்ளலாம். மேட்பிளாட்லிப்பின் அமைப்புகள் இருக்கும் ஆர்சிபாராம்ஸில் ‘ஃபான்ட்.ஃபேமிலி’க்கு அந்தப் பெயரைக் கொடுத்தால் கட்டங்கள் போய்விடும்.

போய்விட்டன. ஆனால் ‘விலை’ சரியாக வரவில்லை. இணைக்கொம்பு லகரத்துக்கு முன்னால் நிற்காமல் பின்னால் போய் நின்றது. கொம்பை எழுத்துக்கு முன்னால் கொண்டுபோகும் வேலையை நான் பார்த்த மேட்பிளாட்லிப் பதிப்புகள் செய்வதில்லை. பிளாட்லி என்ற இன்னொரு வரைபடப் பொட்டலத்தில் வரைந்தால் எழுத்தைக் கோப்பது பிரவுசர், அது தமிழைச் சரியாகக் காட்டும். அதற்கு மாறச் சொன்னேன். மாறினான். ‘என்பிஃபார்மட் 4.2க்கு மேல் வேண்டும்’ என்று வந்ததாம். இந்தத் தடவை எனக்குப் போன் செய்யவில்லை. சிஸ்.எக்ஸிக்யூட்டபிளைப் பார்த்து, %பிப்பில் என்பிஃபார்மட்டைப் போட்டு, கர்னலை ரீஸ்டார்ட் செய்துவிட்டுப் படத்தை மட்டும் அனுப்பியிருந்தான். தலைப்பில் கொம்பு சரியான இடத்தில் இருந்தது.